நெக்ஸெரெலின்: ஸ்டார்செக்டரில் போரும் தூதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டார்செக்டர் என்ற விண்வெளி கேமை ஆட ஆரம்பிப்பவர்கள் முதலில் சரக்கு கடத்துவார்கள், பிறகு கொள்ளையரை வேட்டையாடுவார்கள், பிறகு ஒரு காலனி போடுவார்கள். அதற்குமேல் எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான் வரும்: “எதிரி ஃபேக்‌ஷனின் கிரகத்தைப் பிடிக்கவே முடியாதா?” (ஃபேக்‌ஷன் என்றால் கிரகங்களை ஆளும் அணி.) மாட், அதாவது ரசிகர்கள் எழுதிச் சேர்க்கும் கூடுதல் நிரல், போடாத கேமில் முடியாது. நெக்ஸெரெலின் என்ற மாடைப் போட்டால் முடியும். நீங்கள் பிடிப்பது மட்டுமில்லை, உங்களுடையதையும் பிடித்துக்கொண்டு போவார்கள்.

ஸ்டார்செக்டரே எனக்குப் புதிது. இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

அலெக்ஸ் மொசோலோவ் தலைமையில் ஃப்ராக்டல் சாஃப்ட்வொர்க்ஸ் என்ற சின்னக் குழு பல வருடங்களாகச் செதுக்கிவரும் விண்வெளி கேம் இது. முதலில் ஸ்டார்ஃபேரர் என்ற பெயரில் வந்தது. பெர்சீயன் செக்டர் என்ற நட்சத்திரக் கூட்டம்தான் களம். ‘டொமைன்’ என்ற பழைய பேரரசோடு தொடர்பு வைத்திருந்த ‘கேட்’ என்ற விண்வெளி வாசல்கள் ஒரே நாளில் செயலிழந்துபோக, இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்கள் இரண்டு நூற்றாண்டுகளாகத் தங்களுக்குள் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் ஒன்றிரண்டு கப்பலோடு அந்தச் சண்டைக்கு நடுவில் இறங்குகிறீர்கள். கேம் ஸ்டீமில் இல்லை, அவர்களுடைய தளத்திலேயே வாங்க வேண்டும். இன்னும் 1.0 எண்ணைத் தொடவில்லை. ஆனால் முழு கேம் என்று விற்கப்படும் பலவற்றைவிட இதில் சரக்கு அதிகம்.

மாட் இல்லாமலே ஃபேக்‌ஷன்கள் சண்டை போடுகின்றனவே. இது புதிதாக என்ன செய்கிறது?

மூலக் கேமில் பகை என்பது பின்னணித் திரை. ஹெஜமனி என்ற ராணுவ அரசும் ட்ரை-டாக்கியான் என்ற பெருநிறுவனமும் முதல் நாளே எதிரிகள், ஐம்பது வருடம் ஆடினாலும் எதிரிகள். நடுவழியில் கப்பல்கள் மோதிக்கொள்ளும், ஆனால் எந்தக் கிரகமும் கை மாறாது. நீங்கள் ரெய்டு அடிக்கலாம், குண்டு போட்டு ஒரு காலனியையே அழித்துவிடலாம். அதன்மேல் உங்கள் கொடியை ஏற்ற மட்டும் வழியில்லை.

நெக்ஸெரெலின் வரைபடத்தையே நகர வைக்கிறது. ஃபேக்‌ஷன்கள் படையெடுக்கும், கிரகம் பிடிக்கும், இழக்கும், களைத்துப்போய் சமாதானம் பேசும், கூட்டணி சேரும், கூட்டணியை உடைக்கும். நீங்கள் எங்கோ ஒரு மூலையில் பழைய இடிபாடுகளைத் தோண்டிவிட்டு ஆறு மாதம் கழித்துத் திரும்பினால், வழக்கமாக எரிபொருள் வாங்கும் துறைமுகத்தில் வேறு கொடி பறக்கலாம், புதுச் சொந்தக்காரர் உங்களைப் பார்த்ததும் சுடலாம். எனக்கு இந்த மாடில் பிடித்ததே இதுதான். உங்களுக்காக யாரும் காத்திருப்பதில்லை.

இவற்றோடு சில்லறைச் சேர்க்கைகளும் உண்டு. குறுங்கோள்களில் சுரங்கம் தோண்டலாம். அரிய கப்பல்கள் விற்கும் ப்ரிஸம் ஃப்ரீபோர்ட் என்ற நிலையம் இருக்கிறது. கப்பல் போனால் ஓரளவு ஈடு செய்யும் காப்பீடு இருக்கிறது.

யார் செய்தது?

எக்ஸெரெலின் என்ற பழைய மாட் ஒன்று இருந்தது. ஸஃபைட் என்ற புனைபெயர்க்காரர் ஆரம்பித்தது. அதை ஹிஸ்டிடின் என்ற புனைபெயர்க்காரர் எடுத்துத் திருத்தி வளர்த்ததுதான் நெக்ஸெரெலின். பேச்சில் ‘நெக்ஸ்’ என்றால் போதும், எல்லோருக்கும் புரியும்.

முதல் தடவை ஆடும்போதே நெக்ஸ் போடலாமா?

வேண்டாம் என்பது என் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்களும் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு: நெக்ஸ் போட்டால் ஆரம்பத்திலேயே நல்ல கப்பலோடு இறங்கலாம், வேலையும் நிறையக் கிடைக்கும். ஆனால் எரிபொருள், சப்ளை, கப்பல்களின் போர்த் தயார்நிலை, ஃப்ளக்ஸ் (சண்டையில் ஆயுதமும் கேடயமும் கப்பலில் ஏற்றும் சுமை) இந்த நாலும் கைக்குப் பழகாமல் ஒரு படையெடுப்பில் மாட்டினால், தோற்றது எதனால் என்றே தெரியாது. ஒரு காலனி போட்டு அதை லாபத்துக்குக் கொண்டுவரும் வரைக்குமாவது மாட் இல்லாமல் ஆடிப் பாருங்கள்.

எப்படி நிறுவுவது?

ஸிப் கோப்பைப் பிரித்து, கேம் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘மாட்ஸ்’ ஃபோல்டரில் போட வேண்டும். லேஸிலிப், மேஜிக்லிப் என்ற இரண்டு துணை மாட்களும் கட்டாயம். பிறகு லாஞ்சரில் மாட் பட்டியலைத் திறந்து மூன்றையும் டிக் செய்யுங்கள். கேமின் பதிப்பும் மாடின் பதிப்பும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். 0.97-க்கு எழுதிய மாடை 0.98-இல் ஓட்ட முயல்வதுதான் பாதிப் புகார்களுக்குக் காரணம்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சேவில் சேர்க்கலாமா? நடுவில் எடுக்கலாமா?

இரண்டும் வேண்டாம். புது கேம் தொடங்குவதே நல்லது. நடுவில் எடுத்தால் சேவ் திறக்காது.

புது கேம் தொடங்கும்போது ஏகப்பட்ட தேர்வுகள் வருகின்றன. எதை எடுப்பது?

ஒரு ஃபேக்‌ஷனின் ஆளாகத் தொடங்கலாம், யாருக்கும் கட்டுப்படாமல் தனியாளாகத் தொடங்கலாம், அல்லது முதல் நாளே ஒரு காலனியோடு சொந்தக் கொடியில் தொடங்கலாம். மூன்றாவது கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் காக்க வேண்டிய வீடு ஒன்று இருக்கிறதே ஒழிய, காக்கப் படை இருக்காது. முதல் முறைக்கு ஃபேக்‌ஷன் ஆளாக இறங்குவது நல்லது: மாதச் சம்பளம் வரும், ராணுவச் சந்தை திறந்திருக்கும், போரை முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய படை நிற்கும் நிலையில் கற்றுக்கொள்ளலாம்.

ரேண்டம் செக்டர் என்றொரு தேர்வும் உண்டு. தெரிந்த நட்சத்திரங்கள் எதுவும் இருக்காது, எல்லாமே புதிதாக உருவாக்கப்படும். நூறு மணி நேரம் ஆடிச் சலித்தவர்களுக்கு அது மருந்து. கேமின் கதையோட்டம் வேண்டுமென்றால் வழக்கமான செக்டரையே எடுங்கள்.

யார் யாரோடு போர் தொடுப்பது என்பது எப்படி முடிவாகிறது? வெறும் பகடையா?

பகடையும் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. கணக்கைத் தெரிந்துகொண்டால் பகடையை வளைக்கலாம்.

ஒவ்வொரு ஜோடி ஃபேக்‌ஷனுக்கும் இடையே -100 முதல் +100 வரை ஒரு உறவு எண் இருக்கிறது. -50-க்குக் கீழே போனால் பகை, அதாவது கண்டதும் சுடலாம். இது மூலக் கேமிலேயே உள்ளதுதான். நெக்ஸ் இதற்கு அடியில் ‘மனப்போக்கு’ என்று சொல்லத்தக்க ஓர் அடுக்கை வைத்திருக்கிறது. உறவு எண் இன்றைய நிலவரம் என்றால், மனப்போக்கு அது எந்தப் பக்கம் சாயப்போகிறது என்பதைச் சொல்லும். இருவருக்கும் பொது எதிரி இருந்தால் மனப்போக்கு நல்லதாகும். கொள்கைகள் முட்டிக்கொண்டால் கெடும். ஒருவர் அளவுக்குமீறி வளர்ந்தால் மற்றவர்களுக்கு அவர்மேல் கசப்பு ஏறும். முன்பு தன்னிடமிருந்த கிரகத்தை இன்று வைத்திருப்பவர்மேல் பழைய சொந்தக்காரருக்கு ஆறாத வன்மம் இருக்கும்.

இவற்றின்மேல் ஃபேக்‌ஷனின் குணம் வேறு. சிலருக்கு எல்லோர்மேலும் சந்தேகம், சிலர் அமைதி விரும்பிகள், சிலருக்கு அடுத்தவன் வளர்ந்தால் பொறாமை, சிலர் சந்தையில் போட்டியையே பொறுக்காதவர்கள். செயற்கை நுண்ணறிவு கோர்களை (தானே முடிவெடுக்கும் கணினிகளை) உங்கள் காலனியில் பொருத்தினால் ஹெஜமனிக்கு ஆகாது, ட்ரை-டாக்கியானுக்குக் கவலையில்லை. கேமின் கதைப்படி இருவருக்கும் நடுவே இந்தக் கோர்களை வைத்தே இரண்டு பெரிய போர்கள் நடந்திருக்கின்றன. மாடின் கணக்கு அந்தப் பழங்கதையோடு ஒட்டியே போகிறது.

ஆகவே அறிவிப்புப் பக்கத்தில் “இவர்கள் இவர்களோடு போர் தொடுத்தார்கள்” என்று திடீரென்று வந்தாலும், முந்தைய சில மாதங்களின் ராஜதந்திரத் திரையைப் பார்த்திருந்தால் அது திடீர் இல்லை என்று தெரியும். பலர் அந்தத் திரையைத் திறப்பதே இல்லை. கப்பல் திரையில் செலவிடும் நேரத்தில் கால்வாசியை அங்கே செலவிடுங்கள்.

போர் எப்போது நிற்கும்?

இழப்பு சேரச் சேர இரு தரப்புக்கும் போர்ச் சலிப்பு ஏறும். போதுமான அளவு ஏறினால் போர்நிறுத்தமோ சமாதான உடன்படிக்கையோ வரும். இதில் ஒரு தந்திரம்: உங்கள் தரப்பு தோற்றுக்கொண்டிருந்தால் பெரிய கோட்டைகளை முட்டாதீர்கள். எதிரியின் ரோந்துகளையும் சரக்குக் கப்பல்களையும் ஒவ்வொன்றாக உடையுங்கள். கிரகம் கிடைக்காது, ஆனால் அவர்கள் பேச்சுவார்த்தைக்கு வருவார்கள்.

கூட்டணியில் சேர்ந்தால் என்ன லாபம், என்ன நஷ்டம்?

லாபம் சொல்லத் தேவையில்லை. நஷ்டம், அவர்கள் வாங்கிவரும் வம்பு. ஓர் உறுப்பினர் போரில் இறங்கும்போது மற்ற உறுப்பினர்கள் சேர்வதா வேண்டாமா என்று வாக்களிப்பார்கள். சேர்வது என்று முடிவானால் நேற்றுவரை உங்களோடு வியாபாரம் செய்தவர் இன்று எதிரி. கமிஷன் பெற்ற ஆளாக, அதாவது ஒரு ஃபேக்‌ஷனிடம் சம்பளத்துக்குச் சேர்ந்தவராக இருந்தால் உங்கள் ஃபேக்‌ஷனின் கூட்டணிகளும் பகைகளும் தானாக உங்கள் தலையில் ஏறும். “நான் ஒன்றுமே செய்யவில்லை, ஏன் சுடுகிறார்கள்?” என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

ஏஜென்ட்கள் உண்மையிலேயே பயன்படுவார்களா, சும்மா செலவா?

மாடிலேயே மலிவான ஆயுதம் இந்த உளவாளிகள்தான். காலனி பார்களில் சில சமயம் ஒருவர் வேலை கேட்டு வருவார். மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். ஓர் உலகத்துக்கு அனுப்பிவைத்து அங்கே வேலை சொல்ல வேண்டும்: அந்த ஃபேக்‌ஷனோடு உங்கள் உறவை உயர்த்துவது, இரண்டு ஃபேக்‌ஷன்களுக்கு நடுவே கலகம் மூட்டுவது, சந்தையின் நிலைத்தன்மையைக் குலைப்பது, ஒரு தொழிற்சாலையை நாசம் செய்வது, சரக்கிருப்பை அழிப்பது, உள்நாட்டுக் கிளர்ச்சியைத் தூண்டுவது, ஏதாவது ஒரு கப்பலைக் கைப்பற்றிக் கொண்டுவருவது.

சாம தான பேத தண்டம் என்கிறோமே, தண்டத்துக்கு மட்டும் உங்களுக்குக் கப்பற்படை வேண்டும், மற்ற மூன்றையும் ஓர் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். அதிலும் பேதம்தான் அவர்களுடைய சிறப்பு. உங்களைத் தாக்கத் தயாராகும் ஃபேக்‌ஷனுக்கும் அதன் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சண்டை மூட்டிவிட்டால், உங்களை நோக்கி வரவேண்டிய படை வேறு திசையில் போகும். ஆனால் மாட்டிக்கொண்டால் பழி உங்கள்மேல் விழும், உறவு சரியும். அனுபவம் ஏறாத ஆளைக் கிளர்ச்சி தூண்ட அனுப்பாதீர்கள். முதலில் உறவு உயர்த்தும் வேலையில் விட்டு நிலை ஏறட்டும்.

சரி, படையெடுப்பது எப்படி? மெரீன்களை (தரையில் சண்டையிடும் வீரர்களை) இறக்கியதும் தீர்ந்துபோகிறார்கள்.

மூன்று கட்டமாக யோசியுங்கள்.

முதல் கட்டம் வானம். கிரகத்தைச் சுற்றும் போர் நிலையத்தையும் காவல் கப்பல்களையும் உடைக்காமல் தரையிறங்க முடியாது. இதில் பாதிக் கப்பலை இழந்தவர் அடுத்த கட்டத்துக்குப் போகவே கூடாது. உதவிப்படை வழியில் இருக்கும்.

இரண்டாவது, இறங்குமுன் தரைக் காப்பைக் குறைப்பது. தரைப் பாதுகாப்புக் கட்டடங்கள் இருக்கும் உலகத்தில் நேராக இறங்கினால் மெரீன்கள் கரைந்துபோவார்கள். தந்திரோபாயக் குண்டுவீச்சு இதற்குத்தான். நிறைய எரிபொருள் தின்னும், ஆனால் ராணுவக் கட்டமைப்புகள் சில காலம் முடங்கும். ஏற்கெனவே ஓர் ஏஜென்ட் அங்கே வேலை செய்துகொண்டிருந்தால் இன்னும் நல்லது. நிலைத்தன்மை குலைந்த உலகம் அவ்வளவு நேரம் தாங்காது.

தப்பித் தவறிக்கூட அதன் பக்கத்திலேயே இருக்கும் முழு அழிப்புக் குண்டுவீச்சைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மக்கள்தொகையே சரியும், செக்டர் முழுக்க உங்களுக்குக் கெட்ட பெயர், கையில் கிடைப்பதும் சுடுகாடு.

மூன்றாவது தரைப்போர். பழைய பதிப்புகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் முடிவு வந்துவிடும். இப்போது அது தனி ஆட்டமாகவே இருக்கிறது. கிரகத்தின் ஒவ்வொரு தொழிற்கூடமும் ஒரு களம், சுற்றுச்சுற்றாகப் போர் நகரும். மெரீன்களைப் பிரிவுகளாக உருவாக்கி ஒவ்வொரு களத்துக்கும் அனுப்ப வேண்டும். கையில் கனரக ஆயுதங்கள் சரக்காக இருந்தால் கவசப் பிரிவுகளும் உருவாக்கலாம். வெறும் மெரீன்களோடு வருபவர்கள் தோற்பது இங்கேதான். எல்லாக் களத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆளைத் தூவுவது அடுத்த பொதுத் தவறு. எதிரியின் ராணுவத் தளம் எது, தரைக் காப்பு எது என்று பார்த்து அங்கே மொத்தமாக விழுங்கள், மற்றவை தானாகக் கழன்றுவிழும். வால்கிரி போன்ற படைக் கப்பல்கள் இரண்டு மூன்று கூட இருந்தால் வித்தியாசம் தெரியும்.

இத்தனையும் தனியாகச் செய்ய வேண்டும் என்பதில்லை. உங்கள் ஃபேக்‌ஷன் அனுப்பும் படையெடுப்புகள் அறிவிப்பில் முன்கூட்டியே தெரியும்: எங்கே திரள்கிறது, எப்போது புறப்படுகிறது, யாரைத் தாக்கப்போகிறது. அதோடு சேர்ந்து போங்கள். கிரெடிட் இருந்தால் நீங்களே பணம் கட்டி ஒரு படையைக் கிளப்பவும் முடியும்.

கஷ்டப்பட்டு நான் பிடித்த கிரகம் என் பெயரில் வரவில்லையே?

கமிஷனில் இருந்தால் அது உங்கள் எஜமானருக்குத்தான் போகும், பதிலுக்கு நன்மதிப்பு கூடும். எனக்கே வேண்டும் என்று கேட்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் சொந்தமாக வைத்துக்கொண்டால் அதன் காவலும் உங்கள் பொறுப்பு. புதிதாகப் பிடித்த உலகம் சில காலம் நிலையில்லாமல் ஆடும், கிளர்ச்சி வரலாம், பழைய சொந்தக்காரர் திரும்பி வருவார். முதல் இரண்டு மூன்று கிரகங்களை எஜமானருக்கே விட்டுவிடுங்கள். அந்த எல்லையைக் காக்கும் செலவு அவர்களுடையதாகட்டும்.

முதலில் எதைக் குறிவைப்பது?

பக்கத்தில் இருப்பதை எல்லோரும் சொல்வார்கள். நான் பொருளாதாரத்தைப் பார்க்கச் சொல்வேன். அஸ்கோனியா மண்டலத்தில் இருக்கும் சிந்திரியா நல்ல உதாரணம். ஹெஜமனியில் அட்மிரலாக இருந்த பிலிப் அந்த்ராடா தனிக்கொடி ஏற்றிய இடம் அது. செக்டரின் எரிபொருள் வியாபாரத்தில் அதற்குப் பெரும் பங்கு. அந்த ஒரு கிரகத்தால்தான் சிந்திரியன் டிக்டாட் என்ற சின்ன ஃபேக்‌ஷனுக்கு இத்தனை பலம். அது கை மாறினால் டிக்டாட் எழவே எழாது, பிடித்தவர் கையில் பணம் கொட்டும். ஆனால் உடனே மற்றவர்களின் கசப்பும் அந்தப் பக்கம் திரும்பும். ஹெஜமனி சிந்திரியாவைப் பிடித்துவிட்டால், ஹெஜமனியை எதிர்க்கவென்றே உருவான பெர்சீயன் லீக் என்ன நினைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

புதிய பதிப்புகளில் ஃபேக்‌ஷன்களுக்கு ‘ஸ்ட்ராட்டஜிக் ஏஐ’ வந்திருக்கிறது. எந்தச் சரக்கில் யார் போட்டி, எந்த எதிரி உலகம் காவலின்றிக் கிடக்கிறது, யார் அச்சுறுத்தல் என்று பட்டியல் போட்டு அதன்படி நடவடிக்கை எடுக்கும். நீங்கள் கண்வைத்த இடத்தில் அவர்களும் கண்வைத்திருப்பார்கள்.

கொள்ளையரும் கிரகம் பிடிப்பார்களா?

இயல்பு அமைப்பில் (செட்டிங்கில்) இல்லை. அவர்கள் ராஜதந்திரத்திலும் சேர்வதில்லை. அமைப்பை மாற்றினால் பிடிப்பார்கள். ஒருமுறை ஆடிப் பாருங்கள், செக்டரே கந்தலாகிவிடும்.

என் ஃபேக்‌ஷன் மொத்தமாக அழிந்துவிட்டது. கேம் முடிந்ததா?

இல்லை. உங்கள் கப்பல்கள் இருக்கும்வரை நீங்கள் இருக்கிறீர்கள். அழிந்த ஃபேக்‌ஷன்கள் மீண்டும் படையோடு வந்து ஓர் உலகத்தைப் பிடித்து உயிர்த்தெழுவதும் உண்டு.

படையெடுப்பு வேண்டாம், ராஜதந்திரம் மட்டும் வேண்டும். முடியுமா?

தாராளமாக. புது கேம் திரையிலும் மாடின் அமைப்புக் கோப்பிலும் பெரும்பாலானவற்றுக்குத் தனித்தனி சுவிட்ச் இருக்கிறது. சில ஃபேக்‌ஷன் ஜோடிகள் எவ்வளவு முயன்றாலும் நண்பர்களாகாமல் இருக்க உறவு எண்ணுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள், அதையும் நீக்கலாம். நான் நீக்குவதில்லை. தொழில்நுட்பத்தையே வெறுக்கும் லுட்டிக் சர்ச்சும் ட்ரை-டாக்கியானும் கைகோத்துத் திரிவதைப் பார்த்தால் கதைமேல் இருந்த நம்பிக்கையே போய்விடுகிறது.

ஜெயிப்பது என்றால் என்ன?

படைபலத்தால் செக்டரை ஆள்வது ஒரு வெற்றி, எல்லோரையும் நட்பாக்குவது இன்னொரு வெற்றி. வெற்றித் திரைக்குப் பிறகும் கேம் தொடரும். முதல் வகையில் கடைசிக் கால்வாசி வெறும் துடைத்தெடுக்கும் வேலை, அதை முடிக்காமலே புது கேம் தொடங்குபவர்கள்தான் அதிகம்.

வேறு ஃபேக்‌ஷன் மாட்களோடு சேருமா?

பெரும்பாலானவை நெக்ஸை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. ஆனால் ஒரே நேரத்தில் பத்து ஃபேக்‌ஷன்களைச் சேர்க்காதீர்கள். ராஜதந்திரத் திரை புரியாத சந்தைக்கடை ஆகிவிடும், கூடவே கணினியும் மூச்சு வாங்கும். இரண்டு மூன்று போதும். மாட் கூடக் கூட, கேமை ஓட்டும் ஜாவாவுக்கு ஒதுக்கும் நினைவகத்தையும் கூட்ட வேண்டும். விண்டோஸில் அதற்கான எண் ‘விஎம்பாரம்ஸ்’ என்ற கோப்பில் இருக்கிறது.

கேம் நடுவில் நின்றுவிடுகிறது. யாரிடம் கேட்பது?

கேட்பதற்குமுன் ‘ஸ்டார்செக்டர்-கோர்’ ஃபோல்டருக்குள் இருக்கும் லாக் கோப்பைத் திறந்து கடைசிப் பகுதியைப் பாருங்கள். பிழைச் செய்தியில் எந்த மாடின் பெயர் இருக்கிறதோ அதைச் செய்தவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்கும்போது அந்தப் பிழைப் பகுதி, கேம் பதிப்பு, போட்டிருக்கும் மாட்களின் பட்டியல் மூன்றையும் சேர்த்தே அனுப்புங்கள். “ஓடவில்லை” என்று மட்டும் எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.